பிக்கப் வண்டியை நாற்சக்கர இயக்கத்துக்கு மாற்றுதல்

நாற்சக்கர இயக்க மாற்றம் என்பது, பின்சக்கரங்களை மட்டும் பொறி சுழற்றும்படி தொழிற்சாலையில் உருவாக்கப்பட்ட ஒரு பிக்கப் வண்டியை, நான்கு சக்கரங்களையும் பொறி சுழற்றும்படி பின்னர் மாற்றியமைப்பது ஆகும். பிக்கப் என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட சிறு சரக்கு வண்டி. இங்கு "இரு சக்கர இயக்கம்" எனும்போது வண்டிக்கு இரண்டே சக்கரங்கள் என்று பொருளல்ல. நான்கு சக்கரங்களில் இரண்டுக்கு மட்டுமே பொறியின் ஆற்றல் செல்கிறது என்பதே பொருள்.

இம்மாற்றம் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த ஒரு கலை. 1930கள் முதல் 1950கள் வரை அது ஒரு முறையான தொழிலாகவே நடைபெற்றது. பின்னர் தொழிற்சாலைகளே நாற்சக்கர இயக்க வண்டிகளை விற்கத் தொடங்கியதால், இது பெரும்பாலும் ஆர்வலர்களின் பட்டறை வேலையாகச் சுருங்கியது. ஒரு பாகத்தைக் கூடுதலாகப் பொருத்தினால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் கியர் பெட்டியிலிருந்து முன்சக்கரத்தின் குடம் வரை உள்ள ஒரு முழுச் சங்கிலியே மாற வேண்டும். அச்சங்கிலியில் ஒரு கண்ணி பொருந்தாவிட்டாலும் வண்டி பழுதாகும், அல்லது ஓட்டுபவருக்கு ஆபத்து நேரும்.

எதற்காக மாற்றுகின்றனர்

சரக்கு ஏற்றாத பிக்கப் வண்டியில் எடை முன்புறத்திலேயே குவிந்திருக்கும். பொறி, கியர் பெட்டி, ஓட்டுநர் அறை அனைத்தும் முன்பக்கம். பின்னே வெறும் தொட்டி. ஆனால் உந்துவது பின்சக்கரங்கள். ஆகவே சேற்றிலும் பனியிலும் ஈரப்புல்லிலும் இவ்வகை வண்டி மிக எளிதில் சறுக்கி நின்றுவிடும்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். வண்டியின் எடை 1600 கிலோ எனவும், அதில் 60 விழுக்காடு முன்னச்சின் மேல் உள்ளது எனவும் கொள்வோம். பின்னச்சின் மேல் 640 கிலோ இருக்கும். சேற்றுத் தரையின் உராய்வுக் கெழு 0.2 எனில், பின்சக்கரங்கள் தரையைத் தள்ளக்கூடிய விசை 640 × 0.2 = 128 கிலோ விசை. நான்கு சக்கரங்களும் உந்தினால் அது 1600 × 0.2 = 320 கிலோ விசை. முதல் நிலையில் வண்டி ஏறக்கூடிய சரிவு ஏறத்தாழ 8 விழுக்காடு. இரண்டாம் நிலையில் 20 விழுக்காடு. (ஏறும்போது எடை பின்னோக்கி நகர்வதும், சேற்றில் சக்கரம் புதைவதால் ஏற்படும் தடையும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.) தொட்டியில் பின்னச்சின் மேல் 200 கிலோ மணல் மூட்டைகளை அடுக்குவது பலரும் செய்யும் தந்திரம். அதனால் உந்துவிசை 168 கிலோவாக உயர்ந்தாலும் வண்டியின் எடையும் 1800 கிலோ ஆகிவிடுவதால், ஏறக்கூடிய சரிவு 9 விழுக்காட்டைச் சிறிதே தாண்டும். பொறியின் வலிமை இக்கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க. சறுக்கும் தரையில் குறையாக இருப்பது ஆற்றல் அன்று, பிடிப்பு.

வரலாறு

1931ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கப்பட்ட மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம், 1935 முதல் ஃபோர்டு சரக்கு வண்டிகளை நாற்சக்கர இயக்கத்துக்கு மாற்றித் தரத் தொடங்கியது. அக்காலத்தில் எளிய விலையில் நாற்சக்கர இயக்கச் சிறு சரக்கு வண்டி எதுவும் பெருந்தொகையில் உற்பத்தியாகவில்லை. சுரங்கம், காட்டுத் துறை, மின்கம்பிப் பணி, எண்ணெய்த் தேடல் போன்றவற்றில் ஈடுபட்டோர் இம்மாற்றங்களையே நம்பியிருந்தனர்.

இரண்டாம் உலகப் போரில் ஜீப் வண்டி பெற்ற புகழ் நிலைமையை மாற்றியது. டாட்ஜ் நிறுவனத்தின் பவர் வேகன் 1946இலும், வில்லிஸ் நிறுவனத்தின் நாற்சக்கர இயக்கப் பிக்கப் 1947இலும் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. போரில் மிஞ்சிய ஜீப்புகளைச் சாலையில் ஓட்டியவர்களுக்கு வேறொரு தொல்லை இருந்தது. தேவையில்லாதபோதும் முன்னச்சின் உட்பாகங்கள் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று தேய்ந்தன. 1948இல் ஆர்தர் வார்ன் தொடங்கிய நிறுவனம், சக்கரத்தை அச்சிலிருந்து கையால் விடுவிக்கும் பூட்டுக் குடங்களைச் செய்து விற்றது. பின்னாளில் மாற்றியமைக்கப்பட்ட பிக்கப் வண்டிகளிலும் இக்குடங்கள் வழக்கமான பாகமாயின.

மாற்றத் தொழிலின் உச்சம் 1950களே. மினியாப்பொலிஸ் நகரைச் சேர்ந்த நாப்கோ நிறுவனம், செவ்ரொலே, ஜி.எம்.சி. வண்டிகளுக்கான "பவர்-பேக்" என்னும் மாற்றுத் தொகுதியை விற்றது. முன்னச்சு, பகிர்வுப் பெட்டி, உந்துதண்டுகள், தாங்கிகள் அனைத்தும் அடங்கிய இத்தொகுதியை வண்டியின் அடிச்சட்டத்தை வெட்டாமலே பொருத்த முடிந்தது. வேண்டாதபோது கழற்றி வேறொரு வண்டிக்கு மாற்றலாம் என்பதும் அதன் சிறப்பு. இதன் வெற்றியைக் கண்டு, ஜி.எம்.சி. 1956இலும் செவ்ரொலே 1957இலும் நாப்கோ பாகங்கள் பொருத்திய வண்டிகளைத் தம் தொழிற்சாலைகளிலிருந்தே விற்கத் தொடங்கின. ஃபோர்டு 1959இலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1960இலும் சொந்தமாகவே நாற்சக்கர இயக்கப் பிக்கப்புகளை உருவாக்கியதும் மாற்றுத் தொகுதிகளுக்கான சந்தை சரிந்தது.

இச்சரிவுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1950களின் பிக்கப் வண்டிகளில் முன்புறம் ஒரே நீண்ட இரும்பு அச்சு, இரு பட்டை வில்களின் மேல் அமர்ந்திருந்தது. அந்த அச்சைக் கழற்றிவிட்டு, அதே வில்களின் மேல் உந்தும் அச்சை வைத்துவிடலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1960இல் இரு சக்கர இயக்க வண்டிகளுக்குத் தனித்தியங்கும் முன்தொங்கலைக் கொண்டுவந்தது. ஃபோர்டு 1965இல் இரட்டை இரும்புத் தண்டு அமைப்புக்கு மாறியது. இரு சக்கர இயக்க வண்டியின் முன்பகுதியும் நாற்சக்கர இயக்க வண்டியின் முன்பகுதியும் அன்றிலிருந்து வெவ்வேறாயின. சொகுசு கூடியது, மாற்றும் வேலை கடினமாயிற்று.

சப்பானியச் சிறு பிக்கப்புகள் அமெரிக்காவில் பெருகிய 1970களில் மாற்றப் பட்டறைகளுக்கு மீண்டும் சிறிது காலம் வேலை கிடைத்தது. டொயோட்டா தனது ஹைலக்ஸ் வகையில் நாற்சக்கர இயக்கத்தை 1979இல் அறிமுகப்படுத்தியதும் அதற்கும் தேவை குறைந்தது.

ஆற்றல் செல்லும் பாதை

சாதாரணப் பிக்கப்பில் பொறியின் சுழற்சி கியர் பெட்டி வழியாக ஒரே உந்துதண்டுக்குச் சென்று பின்னச்சை அடைகிறது. நாற்சக்கர இயக்கத்தில் கியர் பெட்டிக்குப் பின் இப்பாதை இரண்டாகப் பிரிகிறது. பிரிக்கும் பாகத்தைப் பட்டறைகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பர். இக்கட்டுரையில் அது பகிர்வுப் பெட்டி எனப்படுகிறது. பிக்கப் வண்டிகளில் உள்ள பகிர்வுப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு வேலை செய்கின்றன. ஒன்று, முன்னச்சுக்குச் சுழற்சியை இணைப்பதும் விடுவிப்பதும். மற்றொன்று, "தாழ் நிலை" என்னும் கூடுதல் கியர் குறைப்பைத் தருவது. கியர் பெட்டியின் முதல் கியர் 4, பகிர்வுப் பெட்டியின் தாழ்நிலை 2, அச்சின் விகிதம் 4.1 எனில் மொத்தக் குறைப்பு 32.8. அதாவது சக்கரம் ஒருமுறை சுழலப் பொறி ஏறக்குறைய 33 முறை சுழலும். முறுக்குவிசையும் அதே அளவில் பெருகும். பாறைகளின் மேல் ஊர்ந்து செல்ல இதுவே உதவுகிறது.

பகிர்வுப் பெட்டி இரு வகைகளில் பொருத்தப்படும். கியர் பெட்டியின் பின்முனையோடு நேராக இணைவது ஒரு வகை. இதற்கு நாற்சக்கர இயக்க வண்டியின் கியர் பெட்டியே வேண்டும், அல்லது இருக்கும் கியர் பெட்டியின் பின்மூடியையும் வெளியேற்றத் தண்டையும் மாற்ற வேண்டும். இரு சக்கர இயக்கக் கியர் பெட்டியின் தண்டு நீளமும் அதன் முனையும் வேறுபட்டவை. மற்றொரு வகையில் பகிர்வுப் பெட்டி தனியாக அடிச்சட்டத்தில் தொங்கும். கியர் பெட்டிக்கும் அதற்கும் இடையே ஒரு குட்டை உந்துதண்டு இருக்கும். நாப்கோ தொகுதி இவ்வகையைச் சேர்ந்தது. கியர் பெட்டியைத் தொடவேண்டியதில்லை என்பதால், பட்டறையில் மாற்றுவோர் இன்றும் இதையே எளிதெனக் கருதுகின்றனர். இடம் போதாமை இதன் குறை. வண்டி குட்டையாக இருந்தால் பின் உந்துதண்டு மிகக் குறுகி, செங்குத்தான கோணத்தில் நிற்கும்.

முன்னச்சு

மாற்றத்தின் மிகக் கடினமான பகுதி இதுவே. முன்னச்சு சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும். அதே சக்கரத்தைத் திருப்பவும் விட வேண்டும். பின்னச்சில் இந்த இரட்டைக் கடமை இல்லை. ஆகவே முன்னச்சின் இரு முனைகளிலும் திருப்பு முழங்கைகளும், அவற்றினூடே வளைந்து சுழலும் மூட்டுகளும் உள்ளன.

முன்னச்சைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அகலம், சக்கர போல்ட்டுகளின் எண்ணிக்கை, தாங்கும் எடை ஆகியவற்றோடு டிஃபரன்சியல் குமிழ் எந்தப் பக்கம் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் அது இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் இருக்கும். பகிர்வுப் பெட்டியின் முன்வாயும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். வலப்பக்கக் குமிழ் வேண்டுமென்று இடப்பக்க அச்சைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பொருத்த எண்ணுவோர் உண்டு. அப்படிச் செய்தால் முன்சக்கரங்கள் பின்னோக்கிச் சுழலும். வண்டி தன்னோடு தானே மல்லுக்கு நிற்கும்.

அச்சு கிடைத்தபின் அதற்கு இடம் தேட வேண்டும். பொறியின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டும் அடிச்சட்டத்தின் குறுக்குத் தண்டும் பெரும்பாலும் வழியில் நிற்கும். வில்கள் மேலும் கீழும் இயங்கும்போது அச்சு எண்ணெய்த் தட்டில் மோதாதிருக்க வண்டியை உயர்த்துவர், அல்லது வேறு வடிவ எண்ணெய்த் தட்டைப் பொருத்துவர். தனித்தியங்கும் முன்தொங்கல் கொண்ட வண்டியில், பழைய கைகளையும் சுருள்வில்களையும் தாங்கிய கொளுவிகளை வெட்டி அகற்றி, பட்டை வில்களுக்கான கொளுவிகளைப் புதிதாகப் பற்றவைக்க வேண்டியிருக்கும். மாற்றத்தின் தரம் பெரும்பாலும் இந்தப் பற்றவைப்பிலேயே தெரிந்துவிடும்.

உந்துதண்டுகளும் மூட்டுகளும்

உந்துதண்டின் இரு முனைகளிலும் உள்ள சிலுவை வடிவ மூட்டைத் தமிழகப் பட்டறைகளில் கிராஸ் என்பர். இம்மூட்டு வளைந்த நிலையில் சுழலும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. உள்ளே வரும் தண்டு சீரான வேகத்தில் சுழன்றாலும், வெளியேறும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளர்கிறது. மூட்டின் கோணம் 30 பாகை எனில், வேகம் 0.866 மடங்கிலிருந்து 1.155 மடங்கு வரை ஊசலாடும். தண்டின் மறுமுனையில் அதே கோணத்தில், சரியான நிலையில் இன்னொரு மூட்டு இருந்தால் இந்த ஊசல் ஈடுசெய்யப்பட்டுவிடும். வண்டியை உயர்த்தும்போது இரு கோணங்களும் ஒத்திராவிட்டால் அதிர்வும், விரைவில் மூட்டுத் தேய்வும் ஏற்படும். மாற்றிய வண்டி "ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உறுமுகிறது" என்ற முறையீட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. தண்டை வெட்டிக் குறைத்தாலோ நீட்டினாலோ மீண்டும் சமநிலைப்படுத்தவும் வேண்டும்.

விகிதப் பொருத்தம்

முன்னச்சும் பின்னச்சும் ஒரே கியர் விகிதம் கொண்டிருக்க வேண்டும். வேறு வண்டியிலிருந்து முன்னச்சை எடுத்து வருவோர் பலர் தவறுவது இங்குதான்.

பின்னச்சின் விகிதம் 3.73, முன்னச்சின் விகிதம் 4.10 என்று கொள்வோம். உந்துதண்டுகள் 1000 முறை சுழன்றால் பின்சக்கரம் 268 முறையும் முன்சக்கரம் 244 முறையும் சுழலும். டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் எனில், பின்சக்கரம் ஏறத்தாழ 617 மீட்டர் செல்ல முயலும்போது முன்சக்கரம் 561 மீட்டரே செல்ல முயலும். வண்டி ஒன்றுதான், இரண்டும் ஒரே தூரம்தான் செல்ல முடியும். மிச்சமுள்ள 56 மீட்டரை ஏதேனும் ஒரு டயர் சறுக்கித்தான் தீர்க்க வேண்டும். சேற்றில் இது நிகழ்ந்துவிடும். தார்ச்சாலையில் டயர் சறுக்க மறுத்தால் பகிர்வுப் பெட்டியின் சங்கிலியோ, மூட்டோ, அச்சுத் தண்டோ உடையும். 4.10க்கும் 4.11க்கும் உள்ளது போன்ற மிகச் சிறு வேறுபாடு தீங்கு செய்யாது. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர்கள் போடுவதும் விகிதத்தை மாற்றுவதற்குச் சமம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய அச்சுகளில் விகிதம் எழுதிய தகடு பெரும்பாலும் காணாமற் போயிருக்கும். இரு சக்கரங்களையும் தரையிலிருந்து உயர்த்தி, இரண்டையும் சேர்த்து ஒரே திசையில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, உந்துதண்டு எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினால் விகிதம் கிடைக்கும். துல்லியம் வேண்டுமெனில் பத்துச் சுற்றுகள் எண்ணிப் பத்தால் வகுக்கலாம். அல்லது மூடியைத் திறந்து பற்களையே எண்ணலாம்.

வறண்ட சாலையில் ஏற்படும் இறுக்கம்

விகிதங்கள் முற்றிலும் பொருந்தினாலும் இத்தகைய வண்டியை வறண்ட சாலையில் நாற்சக்கர நிலையில் ஓட்டலாகாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. அச்சுகளுக்கிடையே 3 மீட்டரும் பின்னச்சு நடுவின் திருப்ப ஆரம் 6 மீட்டரும் எனில், செங்கோண முக்கோணத் தேற்றப்படி முன்னச்சு நடுவின் ஆரம் 6.71 மீட்டர். அதாவது முன்னச்சு ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதல் தூரம் செல்ல வேண்டும். ஆனால் மாற்றத்துக்குப் பயன்படும் பகிர்வுப் பெட்டிகளில் பெரும்பாலானவை முன், பின் உந்துதண்டுகளை ஒன்றாகப் பூட்டிவிடுகின்றன. வேறுபாட்டை ஏற்கும் நடு டிஃபரன்சியல் அவற்றில் இல்லை. திசைமாற்றி கனக்கும், டயர்கள் துள்ளும், பகிர்வுப் பெட்டியின் நெம்புகோலை விடுவிக்க இயலாதபடி இறுகிப்போகும். சிறிது பின்னோக்கி ஓட்டினால் இறுக்கம் தளரும் என்பது அனுபவசாலிகள் அறிந்த உபாயம்.

மாற்றும் முறைகள்

பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து இருக்கும் அடிச்சட்டத்திலேயே பொருத்துவது ஒரு முறை. பழைய, பட்டை வில் கொண்ட வண்டிகளுக்கு இது ஏற்றது. அதே வகையின் நாற்சக்கர இயக்க வண்டி ஒன்றை, விபத்தில் உடல் நசுங்கியதாக இருப்பினும், விலைக்கு வாங்கி அதன் அடிச்சட்டத்தின் மேல் தன் வண்டியின் ஓட்டுநர் அறையையும் தொட்டியையும் ஏற்றிவிடுவது மற்றொரு முறை. பார்ப்பதற்குப் பெரிய வேலையாகத் தோன்றினும், அளவுகள் அனைத்தும் தொழிற்சாலையே வகுத்தவை என்பதால் முடிவில் இதுவே நம்பகமானது. ஆனால் அடிச்சட்ட எண் மாறுவதால் பதிவுச் சிக்கல் வரும்.

சில வண்டிகள் இடைப்பட்டவை. 1998இல் டொயோட்டா அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய டகோமா பிரீரன்னர் வகை பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டது. எனினும் அதன் உயரமும் முன்தொங்கலும் நாற்சக்கர இயக்க வகையை ஒத்தவை. இத்தகைய வண்டியில் வெட்டும் பற்றவைப்பும் வெகுவாகக் குறையும். அமெரிக்காவில் குவிக்லி போன்ற நிறுவனங்கள் பின்சக்கர இயக்க வேன்களை முழுமையாக மாற்றித் தரும் தொழிலையும் நடத்திவந்துள்ளன.

பாதுகாப்பு

மாற்றிய வண்டி ஓடுகிறது என்பதால் அது பாதுகாப்பானது என்று கொள்ளலாகாது. முன்னச்சு மாறும்போது திசைமாற்றித் தண்டுகளின் நீளமும் சாய்வும் மாறுகின்றன. அவை சரியாக அமையாவிட்டால், வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் தானாகத் திரும்பும். முன்சக்கரத்தின் பின்சாய்வுக் கோணம் குறைந்தால் நேராகச் செல்லும் இயல்பு குன்றும்; வேகத்தில் சக்கரங்கள் கடுமையாக நடுங்கவும் கூடும். திசைமாற்றித் தண்டுகளை வெட்டிப் பற்றவைத்து நீளம் சரிசெய்வது மிக ஆபத்தான குறுக்குவழி. சரியான நீளமுள்ள தண்டையே செய்வித்துக்கொள்ள வேண்டும்.

பிரேக் குழாய்கள், அச்சு முழுமையாகக் கீழிறங்கும் நிலையிலும் இழுபடாத நீளம் கொண்டிருக்க வேண்டும். உயர்த்திய வண்டியின் எடைமையமும் உயர்வதால் கவிழும் வாய்ப்பு மிகும். மேலும், நான்கு சக்கரங்கள் உந்துவதால் வண்டி விரைவில் நிற்கும் என்று பலர் நம்புகின்றனர். பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. கூடிய எடையால் நிற்கும் தூரம் குறைவதற்கு வழியே இல்லை. பனிச்சாலையில் எளிதாக வேகமெடுத்துவிட்டு நிறுத்த முடியாமல் விபத்துக்குள்ளாவது இந்நம்பிக்கையின் விளைவு. சக்கரப் பூட்டுத் தடுப்பும் கணினிவழி நிலைப்பாட்டுக் கட்டுப்பாடும் கொண்ட புதிய வண்டிகளில், மாறிய அச்சுகளை அக்கருவிகள் புரிந்துகொள்ளாமல் தவறாக இயங்கவும் கூடும்.

சட்ட நிலை

விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐக்கிய அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலமும் வேறுபடும். இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே இங்கு விளக்கப்பட்ட வகை மாற்றத்தை இந்தியச் சாலைகளில் ஓடும் வண்டியில் செய்ய இயலாது. அனுமதி உள்ள நாடுகளிலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்காமல் மாற்றினால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம்.

செலவும் மாற்று வழிகளும்

முன்னச்சு, பகிர்வுப் பெட்டி, உந்துதண்டுகள், வில்கள், டயர்கள், பற்றவைப்புக் கூலி என்று கூட்டிப் பார்த்தால், இரு சக்கர இயக்க வண்டியை விற்றுவிட்டு அதே வகையின் நாற்சக்கர இயக்க வண்டியைப் பழையதாக வாங்குவதே பெரும்பாலும் மலிவு. தொழிற்சாலை ஒருபோதும் நாற்சக்கர இயக்கத்தில் தராத வகை, அரிய பழைய வண்டி, அல்லது வேலையைக் கற்கும் ஆர்வம் ஆகியவை இருந்தால் கணக்கு வேறு.

தேவை எப்போதாவது மட்டுமே எனில் வேறு வழிகள் உள்ளன. ஒரு பின்சக்கரம் காற்றில் அல்லது சேற்றில் சுழலும்போது மற்றதும் செயலற்றுப்போவதைத் தடுக்கும் டிஃபரன்சியல் பூட்டு அவற்றுள் ஒன்று. சேற்றுக்கான டயர்களும், மணலில் டயர்க் காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கமும் வியக்கத்தக்க அளவில் உதவும். டிஃபரன்சியல் பூட்டு, முன்பு கூறிய கணக்கில் வரும் 8 விழுக்காட்டை உயர்த்தாது. பின்னச்சின் இரு சக்கரங்களுக்கும் பிடிப்பு சமமாக இல்லாத இடத்திலேயே அதன் பயன் தெரியும். முற்றிலும் சிக்கிய வண்டியை மீட்க முன்புறம் பொருத்தும் இழுவை உருளை நாற்சக்கர இயக்கத்தைவிடவும் வலியது. அதன் கம்பியைக் கட்ட அருகில் ஒரு மரமோ பாறையோ இருக்க வேண்டும்.